சிக்னல் இருக்கு, படம் இல்லை: ஒரு மல்டிஸ்ட்ரீம் பெட்டியோடு ஏழு மாதம்

டிஷ்ஷில் டிவி பார்க்கிற ரிசீவர் பெட்டி, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியது. 3,800 சொன்னார்கள், 3,400க்கு முடிந்தது. பெட்டியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. உள்ளே இருக்கிற போர்டு ஒன்றுதான், மேலே ஒட்டுகிற ஸ்டிக்கர்தான் கடைக்குக் கடை மாறுகிறது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. பின்னால் டிஷ் வயருக்கு ஒரே ஒரு துளை, ஒரு எச்டிஎம்ஐ, பக்கவாட்டில் ஒரு யூஎஸ்பி. அட்டையில் கொட்டை எழுத்தில் ‘மல்டிஸ்ட்ரீம்’ என்று போட்டிருந்தது.

“மல்டிஸ்ட்ரீம்னா என்ன தம்பி?” என்று கடைப் பையனைக் கேட்டேன்.

“யூடியூப் எல்லாம் ஓடும் சார்.”

சரி என்று பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்குத் தெரியாமல் கேட்கவில்லை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருபத்திரண்டு வருடம் கேபிள் ஓட்டியவன் நான். கன்ட்ரோல் ரூமில் சேனலுக்கு ஒரு ரிசீவர் என்று அடுக்கி வைத்து, மே மாதத்தில் அதற்கு ஃபேன் போட்டு உட்கார்ந்திருந்தவன். தொழிலை விட்டாயிற்று. மாடியில் இன்னும் ஒரு ஆறடி வலை டிஷ்ஷும், டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்காக ஒரு சின்ன டிஷ்ஷும் நிற்கின்றன. மனைவிக்கு ஆறடி டிஷ்ஷில் வடகம் காயப் போட முடியாத வருத்தம் மட்டும் உண்டு.

முதலில் வீட்டில் ஓடிய கதையைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு அது போதும்.

ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15இலிருந்து. கிழக்கு 93.5 டிகிரி. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, கிட்டத்தட்ட 69 டிகிரி உயரத்தில் நிற்கிறது, அண்ணாந்து பார்க்கிற மாதிரி. டிபி (டிரான்ஸ்பாண்டர், சாட்டிலைட்டிலிருந்து இறங்குகிற ஒரு அலைவரிசை) ஒன்றைக் கையால் அடித்துப் போட்டேன்: அலைவரிசை 11090 மெகாஹெர்ட்ஸ், போலரிட்டி வெர்டிகல், சிம்பல் ரேட் 29500. டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற எல்என்பியின் உள்ளே 9750 கழிந்து, வயரில் இறங்கி வருவது 1340 மெகாஹெர்ட்ஸ். ஃப்ரீ டிஷ் சேனல்கள் எல்லாம் வெர்டிகலில், லோ பேண்டில் இருப்பதால்தான் எங்கள் தெருவில் ஒரு டிஷ்ஷுக்கு ஸ்ப்ளிட்டர் போட்டு இரண்டு வீடு பார்க்க முடிகிறது. ஒரு வீட்டுப் பெட்டி ஹரிசாண்டல் கேட்டு 18 வோல்ட் அனுப்பினால் பக்கத்து வீட்டில் படம் போய், அந்த வீட்டுக்காரர் வாசலுக்கு வந்துவிடுவார்.

ஸ்கேன் வேகம் நன்றாக இருக்கிறது. பழைய எம்பெக்-2 பெட்டியில் பெயர் மட்டும் தெரிந்து கறுப்பாக நின்ற எம்பெக்-4 சேனல்களும் இதில் வருகின்றன. அலைவரிசை கொடுக்காமலே பெட்டி தானாகத் தேடுகிற பிளைண்ட் ஸ்கேன் பொறுமையைச் சோதிக்கும். ஒரு சாட்டிலைட்டுக்கு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

நான் கவனித்துப் பார்த்தது ரெக்கார்டிங்கை. ஒரு டிஷ், ஒரு வயர், ஒரு ட்யூனர். இதில் ஒரு சேனலைப் பதிவு செய்துகொண்டே வேறு சேனல் பார்க்க முடியுமா? முடியும், ஆனால் எல்லாச் சேனலும் இல்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் கூட்ஸ் வண்டியைக் காட்டுவேன். ஒரு டிபியிலிருந்து இறங்குவது ஒரு சேனல் இல்லை, டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் என்கிற ஒரு நீளமான வண்டி. 29500 சிம்பல் ரேட்டில், முக்கால் எஃப்இசியில் (கால் பங்கு பிழை திருத்தத்துக்குப் போய்விடுகிற கணக்கு), நொடிக்குச் சுமார் 40 மெகாபிட். வண்டியின் ஒவ்வொரு பெட்டியும் சரியாக 188 பைட். முதல் பைட் எப்போதும் 71, கம்ப்யூட்டர்காரர்கள் பதினாறு பதினாறாக எண்ணி எழுதும் கணக்கில் 47. ஒவ்வொரு பெட்டியிலும் பிஐடி என்று ஒரு எண் ஒட்டியிருக்கும். அது 0 முதல் 8191 வரை போகும். 0 என்று ஒட்டிய பெட்டியில் ‘இந்த வண்டியில் இன்னின்ன சேனல் இருக்கிறது’ என்ற பட்டியல் வரும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் எந்த எண்ணில் படம், எந்த எண்ணில் ஒலி என்று தெரிந்துவிடும். 8191 ஒட்டிய பெட்டிகள் காலி. வண்டியின் நீளம் குறையக் கூடாது என்பதற்காகவே அவை ஓடுகின்றன. அரசாங்க வேலை மாதிரி என்று சொல்லலாம்தான், வேண்டாம், என் தம்பி அரசு ஊழியன்.

ஆக ட்யூனர் ஒரு டிபியில் நின்றால், அந்த வண்டியில் இருக்கிற பத்துப் பதினைந்து சேனலும் ஒரே நேரத்தில் வீட்டுக்குள் வந்துவிட்டன. ஒன்றை எடுத்துப் பென் டிரைவில் போட்டு, இன்னொன்றைத் திரையில் காட்டுவதில் பெட்டிக்குச் சிரமம் இல்லை. வேறு டிபிக்குப் போனால்தான் வண்டி மாறிவிடும்.

இதை இந்தப் பெட்டி நாகரிகமாகச் செய்கிறது. பதிவு ஓடும்போது சேனல் லிஸ்ட்டைத் திறந்தால், அதே டிபி சேனல்கள் வெள்ளையாகவும் மற்றவை மங்கலாகவும் தெரியும். இரண்டு சேனலைப் பதிவில் போட்டு மூன்றாவதைப் பார்க்க விட்டது. மூன்றாவதையும் பதிவில் போடப் பார்த்தேன், மறுத்துவிட்டது. நான் முன்பு வைத்திருந்த ஒரு பெட்டி, வேறு டிபிக்கு மாற்றினால் பதிவை வாயைத் திறக்காமல் நிறுத்திவிடும். மறுநாள் பார்த்தால் பாட்டு பாதியில் நிற்கும், வீட்டில் பேச்சுவார்த்தையும் நிற்கும்.

பதிவுக்கு மணிக்குச் சுமார் 900 எம்பி பிடிக்கிறது. அப்படியானால் அந்தச் சேனல் நொடிக்கு 2 மெகாபிட்தான் ஓடுகிறது என்று அர்த்தம். பெரிய டிவியில் முகம் மெழுகு மாதிரி தெரிவதற்குப் பெட்டியைக் குறை சொல்லக் கூடாது.

குறை சொல்ல வேண்டியது கடிகாரத்தை. நேரத்தையும் அந்த வண்டிதான் கொண்டுவருகிறது, பிஐடி 20இல், கிரீன்விச் நேரமாக. பெட்டி அதோடு ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் மாடியில் பிடிக்கிற ஒரு டிபியில் அனுப்புகிறவர்களே நேரத்தைத் தப்பாக அனுப்புகிறார்கள். நான் மத்தியானம் அந்த டிபியில் எதையோ பார்த்துவிட்டு அணைத்தேன். பெட்டி அந்த நேரத்தையே நம்பிக்கொண்டு படுத்துவிட்டது. சாயங்காலம் பொதிகையில் பதிவாக வேண்டிய நிகழ்ச்சி நாற்பது நிமிடம் தாமதமாகத்தான் பதிவாகத் தொடங்கியது. (2024 ஜனவரியிலிருந்து அது டிடி தமிழ். எங்கள் வீட்டில் இன்னும் பொதிகைதான்.)

“ஏங்க, சீட்டுக் கம்பெனிக்காரன் மாதிரி கடைசி பாகத்தை மட்டும் குடுக்குது?” என்றாள் மனைவி.

தானாக நேரம் எடுப்பதை மெனுவில் நிறுத்திவிட்டு, கையால் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது. அட்டையோடு வந்த காகிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அப்புறம், மல்டிஸ்ட்ரீம். ஒரே அலைவரிசையில் பல வண்டிகளைத் தனித்தனியாக ஏற்றி அனுப்புகிற முறை. இதை எங்கள் ஊரில் சோதித்துப் பார்க்க எனக்கு வாய்ப்பில்லை. பிடித்து விளையாட நான் நினைத்த சாட்டிலைட் மேற்கு 5 டிகிரியில் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து பார்த்தால் அது தொடுவானத்துக்குக் கீழே. பதினாறு அடி டிஷ் வைத்தாலும் மண்ணைத்தான் பார்க்கலாம். ஆனால் பெண் பாரிஸுக்கு வடக்கே சார்சலில் இருக்கிறாள். மூன்று மாதம் போய் இருக்க வேண்டி வந்தது. பெட்டியை வேட்டிக்கு நடுவில் சுருட்டி வைத்து எடுத்துப் போனேன்.

“மாமா, இங்க எல்லாம் நெட்டுலயே வருது. எதுக்கு இது?” என்றார் மாப்பிள்ளை.

பதில் சம்பந்தியிடம் இருந்தது. அவர் பழைய சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று முப்பது வருடம் மார்செய்யில் குடியிருந்தவர். இப்போது மகன் வீட்டில். ஃபிரான்ஸ் 3 என்கிற அரசுச் சேனல் சாயங்காலம் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு செய்தி போடும். பாரிஸ் பக்கம் வந்தபின் அவருக்குக் கிடைப்பது பாரிஸ் செய்தி. “மெட்ரோ ஸ்ட்ரைக்கு எனக்கு எதுக்கு? மிஸ்த்ரால் காத்து அடிக்குதா, துறைமுகத்துல என்ன சண்டை, அதான் வேணும்” என்பார். நெட்டில் எடுத்துக் கொடுத்தால் வேண்டாம். ரிமோட்டில் ஒரு எண் அழுத்தினால் வர வேண்டும்.

நேர்மையாகச் சொல்வதானால், ஃபிரான்சாட் என்கிற பிரெஞ்சு சாட்டிலைட் சேவையின் பெட்டியும் கார்டும் வாங்கினால் இந்தப் பாடே இல்லை. மாதச் சந்தா கிடையாது, அதுவும் அதே மேற்கு 5 டிகிரியில்தான். எனக்கு இந்தப் பெட்டி சொன்னதைச் செய்யுமா என்று பார்க்க வேண்டும். சம்பந்தி ஒரு சாக்கு.

அந்தச் சாட்டிலைட், யூட்டெல்சாட் 5 வெஸ்ட் பி, 2019 அக்டோபரில் மேலே போனது. போன கொஞ்ச நாளில் இரண்டு சூரியத் தகடுகளில் ஒன்று பழுதாகி, மிச்சமிருக்கும் மின்சாரத்தில் குடித்தனம் நடத்துகிறது. வீட்டுக்கான சேனல்கள் தவிர, தரைவழி டிவி டவர்களுக்கு அனுப்புகிற சிக்னலும் அதில் இறங்குகிறது. மல்டிஸ்ட்ரீம் இருப்பது அங்கேதான். ஒரு வட்டாரத்து டவர்கள் எல்லாம் ஒரே அலைவரிசையில், ஒரே பிட்டை ஒரே கணத்தில் ஒலிபரப்ப வேண்டும். கொஞ்சம் பிசகினால் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு வட்டாரத்து வண்டியும் ஸ்டூடியோவில் கட்டியபடியே, ஒரு பெட்டி இடம் மாறாமல் டவருக்குப் போய்ச் சேர வேண்டும். நாலு வண்டியைப் பிரித்து ஒரே வண்டியாகக் கோர்க்கக் கூடாது. தனித்தனி அலைவரிசையில் அனுப்பலாம்தான். ஆனால் சாட்டிலைட்டின் ஆம்ப்ளிஃபயரில் பல கேரியரை (சிக்னலைச் சுமக்கிற அலையை) ஒன்றாக ஓட்டினால் ஒன்றோடொன்று கலக்கும், அதற்காகப் பவரைக் குறைக்க வேண்டி வரும். கேபிள் ஆம்ப்ளிஃபயரில் கெயினைக் கூட்டிப் படத்தில் கோடு வாங்கிய எவருக்கும் இது புரியும்.

2005இல் வந்த டிவிபி-எஸ்2 என்கிற சாட்டிலைட் ஒலிபரப்புத் தரம் இதற்கு வழி வைத்திருக்கிறது. ஒரே கேரியர். அதில் ஃப்ரேம் ஃப்ரேமாக இந்த வண்டிக்கு ஒன்று, அந்த வண்டிக்கு ஒன்று என்று மாறி மாறி ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு ஃப்ரேமின் தலையிலும் ஐஎஸ்ஐ என்று ஒரு பைட், 0 முதல் 255 வரை ஒரு எண். ரிசீவர் தனக்கு வேண்டிய எண் உள்ள ஃப்ரேமை மட்டும் பொறுக்கி, பழைய வண்டியை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்.

இது தெரியாத பெட்டி என்ன செய்யும் என்பதையும் பார்த்தேன். மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் 80 சென்டிமீட்டர் டிஷ்ஷோடு தன்னுடைய பழைய எச்டி பெட்டியையும் கொடுத்திருந்தார். அங்கே டிஷ்ஷுக்குப் பரபோல் என்று பெயர். பால்கனி தெற்கைப் பார்த்தது, ஆகாயம் திறந்திருந்தது. உயரம் 33 டிகிரிதான், எங்கள் ஊர் கணக்கில் டிஷ் படுத்துக்கொண்டிருக்கிற மாதிரி தெரியும். வாடகை வீட்டிலும் ஆண்டெனா வைக்கிற உரிமை அந்த நாட்டில் 1966லேயே சட்டமாகியிருக்கிறது, ஆனால் முன்கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டும். பெண் எழுதிக் கொடுத்தாள். நண்பரின் பெட்டியை மாட்டினேன். சிக்னல் 82 சதவீதம். ஸ்கேன் போட்டால் சேனல் பூஜ்யம். இன்னொரு முறை போட்டால் நாலு பெயர் வந்தது, படம் வரவில்லை. அது எல்லா வண்டியையும் ஒரே வண்டி என்று நினைத்து எடுத்திருக்கிறது.

நம் பெட்டியை மாட்டினேன். டிபி சேர்க்கும் இடத்தில் ஐஎஸ்ஐ, பிஎல்எஸ் என்று இரண்டு கட்டம் கூடுதலாக இருந்தது. ஐஎஸ்ஐ சரி, சின்ன எண். பிஎல்எஸ்ஸில்தான் ஒரு சாயங்காலம் போனது. ஒரு கேரியரை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்ட மேலே ஒரு கலைப்பு எண் போடுவார்கள். அது தப்பாக இருந்தால் ஒன்றுமே பூட்டாது, அதாவது பெட்டி சிக்னலைப் பிடித்து நிற்காது. இதை ரூட் என்றும் கோல்டு என்றும் இரண்டு விதமாக எழுதும் பழக்கம் இருக்கிறது. ரூட் 1 என்பதும் கோல்டு 0 என்பதும் ஒன்று. மற்ற எண்களுக்கு அப்படி எளிதாகச் சொல்ல முடியாது, பதினெட்டு பிட் ரிஜிஸ்டர் ஒன்றைச் சுற்றவிட்டு எத்தனையாவது சுற்றில் அந்த எண் வருகிறது என்று எண்ண வேண்டும். என்னிடம் இருந்த பட்டியல் ரூட்டில். பெட்டி கேட்டது கோல்டில். எது வேண்டும் என்று கட்டத்துக்குப் பக்கத்தில் எழுதக்கூட இல்லை. ஆறு முறை ரூட்டையே அடித்துவிட்டு, வயரைச் சந்தேகித்து, எஃப் கனெக்டரை வெட்டி மறுபடி கட்டி, எட்டு டிகிரி குளிரில் பால்கனியில் நின்றேன். கடைசியில் மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் பத்து வரி எழுதி மாற்றிக் கொடுத்தார். “மாமா, இது நல்லா இருக்கே” என்றார். அன்றிலிருந்து நெட் பேச்சு நின்றது.

அடித்ததும் பூட்டியது. ஐஎஸ்ஐ ஒன்றில் மார்செய் பக்கத்து ஃபிரான்ஸ் 3 சுத்தமாக வந்தது. சம்பந்தி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பெட்டிக்குள் இருக்கிற சிப் தன் வேலையைக் குறையில்லாமல் செய்கிறது. படம் ஒரு முறைகூட உடையவில்லை. இதற்கு மேல் விலை கொடுத்து வாங்குகிற பெட்டியிலும் இதைவிடப் பெரிதாகப் படம் வந்துவிடாது.

ஆனால் சிப்புக்கு மேலே எழுதியிருக்கிற மென்பொருளில் யாரோ பாதி வேலையில் எழுந்து போயிருக்கிறார்கள். மறுநாள் ஆசை வந்து, அதே அலைவரிசையில் அடுத்த ஐஎஸ்ஐ எண்ணைப் போட்டு ஸ்கேன் செய்தேன். சேனல்கள் வந்தன. சாயங்காலம் சம்பந்தி எண்ணை அழுத்தினார். நார்மண்டி. மாடும் புல்வெளியும்.

“மார்செய்யில மாடு ஏது?” என்றார்.

நடந்தது இதுதான். பெட்டி தன் நினைவில் ஒரு டிபியை அலைவரிசை, போலரிட்டி இரண்டையும் வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. ஐஎஸ்ஐ எண்ணைக் கேட்டு வாங்குகிறது, பூட்டப் பயன்படுத்துகிறது, ஆனால் அடையாளத்தில் சேர்க்கவில்லை. அதனால் இரண்டாவது வண்டியை முதல் வண்டியின் புது விவரம் என்று எடுத்துக்கொண்டு, பழையதன் மேலேயே எழுதிவிட்டது. மல்டிஸ்ட்ரீம் என்று அட்டையில் போட்டு விற்கிற பெட்டி, ஒரு அலைவரிசையில் ஒரே ஒரு ஸ்ட்ரீமைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும்! கடையில் கேட்கப் போனில் கூப்பிட்டேன். “சாஃப்ட்வேர் அப்டேட் வரும் சார்” என்றார்கள். வந்தது. அதில் மெனுவின் நிறம் மாறியிருந்தது.

தப்பிக்க வழி உண்டு. இரண்டாவது ஸ்ட்ரீமைச் சேர்க்கும்போது அலைவரிசை எண்ணோடு ஒன்றைக் கூட்டி அடியுங்கள். மூன்றாவதுக்கு ஒன்றைக் கழியுங்கள். ஒரு மெகாஹெர்ட்ஸ் விலகலை ட்யூனர் தானே தேடிச் சரிசெய்துகொள்ளும். சாதாரண எல்என்பியே வெயிலுக்கும் குளிருக்கும் அதைவிட அதிகம் நகரும். பெட்டி மட்டும் வேறு டிபி என்று ஏமாந்து, தனி இடத்தில் சேர்த்து வைக்கும். இப்படி மூன்று வட்டாரம் வைத்தேன். நாலாவதுக்கு இரண்டைக் கூட்டினேன், அதுவும் பூட்டியது. ஸ்கேன் முடிந்ததும் சேனல் பெயரைக் கையால் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லாமே ‘ஃபிரான்ஸ் 3’ என்று ஒரே பெயரில் வரிசையாக நிற்கும்.

இந்த ஏமாற்று வேலையில் ஒரு பக்கவிளைவு. ஒரே கேரியரில் இருக்கிற இரண்டு ஸ்ட்ரீமில் ஒன்றைப் பதிவு செய்து மற்றதைப் பார்க்க முடியுமா என்று முயன்றேன். லிஸ்ட்டில் மங்கலாகிவிட்டது. பெட்டிக்கு அவை இப்போது வெவ்வேறு டிபி அல்லவா? கேரியர் முழுவதும் உள்ளேதான் இருக்கிறது, எல்லா ஃப்ரேமும் வாசல் வரை வந்து நிற்கின்றன. ஒன்றுக்குத்தான் கதவு திறக்கிறது.

யாருக்கு வாங்கச் சொல்வேன்? ஃப்ரீ டிஷ் மட்டும் பார்ப்பவர்களுக்கு வேண்டாம், அதில் பாதி விலைக்கே நல்ல பெட்டி கிடைக்கும். ஒரே ட்யூனரில் இரண்டு பதிவு, மங்கலாகிற அந்த லிஸ்ட், இவை வேண்டும் என்றால் வாங்கலாம், கடிகாரத்தைக் கையால் வைத்துக்கொள்ளுங்கள். டிஷ் பைத்தியங்களுக்குச் சொல்லவே வேண்டாம், அவர்கள் இதற்குள் அலைவரிசையோடு ஒன்றைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரிமோட் மட்டும் சகிக்கவில்லை. மூன்றாவது மாதமே 5 வேலை செய்யவில்லை.

பெட்டி சார்சலிலேயே தங்கிவிட்டது. மார்செய் ஏழாம் எண்ணில் இருக்கிறது. போன வாரம் போனில் பேசும்போது, எட்டில் வருகிற நார்மண்டியையும் அழிக்க வேண்டாம் என்று சம்பந்தி சொன்னார். அங்கே ஒரு பண்ணையில் பசு கன்று போட்டது என்று ஏதோ தொடர்செய்தி ஓடுகிறதாம்.